கறிவேப்பிலை மரத்தடியில் ஒரே குழி

"ஏட்டம்மா, அஞ்சு மணிக்கு என்னை மொட்டையடிச்சு ஊரை உட்டு வெரட்டப் போறாங்களாமுங்க."

ஆல்வினின் ஆட்டோவிலிருந்து இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள் தெய்வாத்தாள். சோமனூர்ப் பக்கம் வரதராஜுலுவின் தறிக்குடோனில் பதினாறு வருடமாகத் தறி ஓட்டுகிறவள். ராமாமணி போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைத் தேடி இன்னும் வழக்குகள் வந்தன. பாதியை ஆல்வினே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவான்.

"உக்காரு அம்மணி. என்ன நடந்துச்சு?"

"மொதலாளி மருமக மேக்னாவுக்கு ஆறு வருசமாக் கொழந்தை இல்லீங்க. குறிக்காரர் வேங்கடசாமியக் கூட்டியாந்தாங்க. இன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு ஊட்டுக் கிழக்குச் சுவரோரமாத் தோண்டினா, செய்வினையாமுங்க. நாங்க தறியில நெய்யற காடாத் துணில தகடும் முடியும் சுத்தியிருந்துச்சாம். மூணு அமாவாசைக்கு முன்னால பொதைச்சதுன்னு சொல்லிப்போட்டாரு. குடோனுக்கும் ஊட்டுக்கும் போய் வாரவ நான் ஒருத்திதானுங்க."

"நீ எங்கே இருந்தே?"

"திங்கக்கெழமையில இருந்து சென்னிமலைல, அக்கா ஊட்லீங்க. எட்டு மணி பஸ்ஸுல வந்து எறங்குனேன், ஊரே என்னைப் பாக்குது."

"மூணு அமாவாசைன்னு சொல்லிட்டா இந்தச் சென்னிமலை சாட்சி நிக்காதேக்கா!" என்றான் ஆல்வின்.

"வண்டிய எடு."

வரதராஜுலு வாசலிலேயே மறித்தார். "ஏனுங்க, இது எங்க ஊட்டு விசயமுங்க."

"ஊட்டு விசயத்துக்கா ஊரைக் கூட்டியிருக்கீங்க?" என்று கேட்டபடி ராமாமணி உள்ளே நடந்தார்.

கிழக்குச் சுவர் நாற்பதடி நீளம். சமையலறைத் தண்ணீர் அதன் அடியிலேயே ஓடியதால் நெடுகச் சேறு. சுவரோரக் கறிவேப்பிலை மரத்தடியில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி. வேறு எங்கும் மண் கிளறப்படவில்லை. கூடத்தில் ஒரு தட்டில் அந்த முடிச்சு இருந்தது. மேல் சுற்றில் சேறு அப்பியிருந்தது. ராமாமணி பிரித்தபோது உள்மடிப்பு தாளைப்போல் மொடமொடத்தது.

"குறிக்காரர்தானக்கா, வேற யாரு!" என்று ஆல்வின் கிசுகிசுத்தான்.

அது வேங்கடசாமி காதில் விழுந்துவிட்டது. "நான் கார்ல இருந்து எறங்கி இங்கே உக்காந்தவனப்பா. கிழக்குச் சுவரோரம்னு சொன்னேன். தோண்டுனது ரவிதேஜா தம்பி."

"ஆமாங்க, குறிக்காரர் எந்திரிக்கவேயில்லை. காப்பியே நான்தான் கையில குடுத்தேன்" என்றாள் மேக்னா.

"டாக்டர்கிட்டப் போனீங்களா கண்ணு?"

"போன மாசம் ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க. ரிப்போர்ட் இன்னும் வரலைன்னு இவரு சொன்னாரு." அவள் கணவன் ரவிதேஜா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ராமாமணி எல்லோரையும் உட்காரச் சொன்னார். யாரும் உட்காரவில்லை. பக்கத்துக் குடோனில் தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. துணியை வரதராஜுலுவிடம் நீட்டினார். "நாப்பது வருசமாத் தறியோட இருக்கீங்க. நீங்களே தொட்டுப் பாருங்க."

அவர் உள்மடிப்பைக் கட்டைவிரலால் தேய்த்தார். முகர்ந்தார். மறுபடி தேய்த்தார்.

"கஞ்சி போகலை" என்றார் மெதுவாக.

"அப்படின்னாங்க?" ஆல்வினுக்குப் பொறுக்கவில்லை.

"நீளவாட்டுல ஓடற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுத்தான் தறியில ஏத்துவோம். தண்ணி படாத வரைக்கும் காடா வெறைப்பா இருக்கும். அந்தச் சேத்துல ரெண்டு நாள் கெடந்தாலே புளிச்சு நாறிப்போகும். மூணு மாசம்னா கறையான் துணியவே மிச்சம் வெக்காது."

"உள்மடிப்புல ஈரமே ஏறலை. அப்போ இன்னிக்குக் காலைலதான் பொதைச்சது. தெய்வாத்தாள் சென்னிமலைல இருந்தா" என்றார் ராமாமணி. "குறிக்காரர் சொன்னது சுவரோரம்னு மட்டும். நாப்பதடிச் சுவர். எடம் தெரியாதவன் தோண்டியிருந்தா பத்துக் குழி கெடக்கோணும். கெடக்கறது ஒண்ணு. பொதைச்சவருக்குத் தறி வேலையும் தெரியாது. தெரிஞ்சிருந்தா துணிய அலசிப்போட்டுப் பொதைச்சிருப்பாரு. நீங்க ஆபீஸ் ரூமோட சரிதானுங்களே, ரவிதேஜா?"

ரவிதேஜா சன்னலிலிருந்து திரும்பினான். "ரிப்போர்ட் வந்துருச்சு. கொறை என்கிட்டத்தான். செய்வினைன்னு ஆயிட்டா யாரும் ரிப்போர்ட்டைக் கேக்க மாட்டாங்கன்னு... கிழக்குச் சுவரோரம்தான் சந்தேகமா இருக்குன்னு குறிக்காரர்கிட்ட முன்னாடியே நான்தான் சொல்லி வெச்சேன். இந்தம்மாவை வெரட்டுவாங்கன்னு நான் நெனைக்கலை."

"காடாத் துணில சுத்திப்போட்டு வேற யாரைச் சொல்லுவாங்கன்னு நெனைச்சீங்க?" என்றாள் மேக்னா.

வரதராஜுலு தெய்வாத்தாள் பக்கம் வந்தார். "கூட்டம் இல்லைன்னு சொல்லிப்போடறேன். பையன் பேரு வெளிய வேண்டாம் தெய்வா."

"ஆகாதுங்க மொதலாளி. சூனியக்காரி மேல மொதலாளி எரக்கப்பட்டாருன்னுதான் பேசுவாங்க. அப்புறம் நான் எந்த ஊர்லீங்க தறி ஓட்டறது?"

ஐந்து மணிக்குக் கோயில் திடலில் சவரக் கத்தியோடு ஒருவர் காத்திருந்தார். மாமனார் தலை குனிந்து நிற்க, மேக்னாதான் பேசினாள். கொறை எங்க ஊட்டுல, பொதைச்சது என் ஊட்டுக்காரர் என்றாள். கூட்டம் நம்ப மனமில்லாமல் நெளிந்தது. "அப்போ வேற எவ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கத்தி வைத்திருந்தவர் அதை மடக்கிப் பையில் போட்டார்.

தெய்வாத்தாள் கூட்டத்தின் நடுவே நடந்தாள். வழிவிட்ட ஒருத்தி தன் மகளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். தெய்வாத்தாள் நின்றாள்.

"என்ன கண்ணு, பள்ளிக்கூடம் உட்டாச்சா?"

சேலைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "உட்டாச்சுங்க."

தாயின் கை மகளின் தோளிலேயே இருந்தது. ஆனால் பின்னால் இழுக்கவில்லை.