அமலியை எழுப்பிய காலை

நாலரைக்கு என் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்திருந்த துயில்மணி மெல்ல அதிர்ந்தது, விழித்துக்கொண்டேன். கொட்டாவி இல்லை, சோம்பல் முறிப்பதில்லை. தூத்துக்குடியில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். ஒரு வீட்டிலிருப்பவர்கள் ஒரே நொடியில் தூங்கி ஒரே நொடியில் எழுவோம். வெயில் ஏறுமுன் வெளிவேலை முடிய வேண்டும் என்று அரசாங்கம் கொண்டுவந்த ஏற்பாடு.

அன்றுதான் முதல்முறையாக நான் தனியாக எழுந்தேன். மகள் அமலிக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டதால் சிறுவயது மணியைக் கழற்றியிருந்தார்கள். புண் ஆறிய பிறகுதான் பெரியவர்களுக்கானதைப் பொருத்துவார்கள். அதுவரை வீட்டிலுள்ள யாராவது எழுப்ப வேண்டும். அவள் அம்மாவுக்கு நடுக்கடல் காற்றாலையில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவாள். அன்றைக்குப் பார்த்துக் கடற்பண்ணைப் படகோட்டித் தேர்வு. தேர்வுக்குப் போகும் படகை விட்டால் இனி அடுத்த வருடம்தான்.

"மறந்துராதீங்கப்பா" என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள்.

"எழுப்புறது என்ன பெரிய வித்தையா?" என்றேன்.

வித்தைதான். அவள் அறைக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மூன்று வயதில் மணி பொருத்திய பிறகு அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை தலையணைக்கு அடியில் கிடந்தது.

"அமலி."

"அஞ்சு நிமிஷம்ப்பா."

இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடம் போகும் வயதில் நானும் இதையே கெஞ்சி, போர்வையை உருவும் அம்மாவை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். இருபது வயதில் விடியலே எனக்கு எதிரி. இவள் கைக்குழந்தையாக இருந்தபோது, அழத் தொடங்குமுன்பே எனக்கு விழிப்பு வந்துவிடும். உடம்பு நொந்தாலும் அது கசக்கவில்லை. பிறகு மணி வந்தது, எழுவது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிற்று. ஐந்து நிமிடம் கொடுத்தேன். இன்னும் ஐந்து கொடுத்தேன். என் பிள்ளை தூங்குகிறது என்கிற சந்தோஷத்தில் உட்கார்ந்தே இருந்துவிட்டேன், மடையன்.

துறைமுகத்துக்கு ஓடினோம். படகு போய்விட்டிருந்தது. வாயிலில் இருந்த இளம் அதிகாரி காரணம் கேட்டார்.

"தூங்கிட்டா, தம்பி."

"தூங்கிட்டாங்கன்னா? புரியலயே சார்."

கேலி செய்யவில்லை, அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. தூங்கிவிட்டதால் தாமதம் என்று சொல்லும் ஆளை அவர் பார்த்திருக்க வழியில்லை.

"எழுப்பக்கூட உங்களுக்குத் தெரியலயேப்பா." திரும்பும் வழியில் அமலி சொன்னது இவ்வளவுதான். அதன் பிறகு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு போட்டால் சாப்பிட்டாள், மருத்துவமனைக்குக் கூப்பிட்டால் வந்தாள். புது மணியைப் பொருத்தும்போதும் என் பக்கம் திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அதற்காக ஒரு வருடம் திரும்பி வந்துவிடுமா?

புது மணி பொருத்திய மறுநாள், என் மணி அதிர்ந்ததும் எழுந்தேன். எப்போதும் எனக்கு முன்பே குளியலறைக்குள் புகுந்துவிடுகிறவளைக் காணோம். மணி சரியாகப் பொருந்தவில்லையோ என்று பதறிக்கொண்டு போய்ப் பார்த்தேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்திருந்தாள். மூடிய இமைகள் துடித்துக்கொண்டிருந்தன. மணி அதிர்ந்த பிறகு யாராலும் தூங்க முடியாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

குனிந்து தோளைத் தொட்டேன். "அமலி, எந்திரிம்மா."

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"இன்னொரு தடவ கூப்பிடுங்கப்பா."