பனி வீட்டு வரிசை

முன்னால் நின்ற பெண்ணின் கழுத்தில் ஒரு சொட்டு வேர்வைகூட இல்லை. தலைக்கு மேலே தகரக் கூரை வெயிலில் முறுகி முறுகிச் சத்தம் போட்டது. நீச்சல் குளத்தின் குளோரின் வாடையும் பஜ்ஜி எண்ணெய்ப் புகையும் வரிசைக் கம்பிகளுக்குள் தேங்கி நின்றன. செல்வமாரியின் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. அந்தப் பெண்ணின் கழுத்தோ, சுட்ட ஓடு மாதிரி காய்ந்திருந்தது.

செல்வமாரி எல்லாம் யோசித்துத்தான் வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரிக்கும் என்று வேலை நாளாகப் பார்த்து, கோவில்பட்டியில் காலையிலேயே பஸ் பிடித்து, வாட்டர் பார்க் திறந்ததும் நுழைந்து, வெயில் ஏறுமுன் பெரிய சறுக்குகளை முடித்தாகிவிட்டது. எல்லாரும் சாப்பிடப் போகும் உச்சி நேரத்தில் பனி வீட்டுக்கு வந்தால் வரிசை இருக்காது, உள்ளே குளுகுளுவென்றும் இருக்கும். கணவன் காளீஸ்வரன் தண்ணீர் வாங்கப் போக, மகள் ப்ரியதர்ஷினியோடு அவள் மட்டும் வந்தாள்.

வரிசை இருந்தது. பேச்சு இல்லை. குழந்தைகள் இருந்தார்கள், சிணுங்கல் இல்லை. தூரத்தில் பனி வீட்டின் இரும்புக் கதவு திறக்கும், சிலர் போவார்கள், மூடும். வெளியே வரும் வழியில் ஒருவரும் வரவில்லை.

"அக்கா, எவ்வளவு நேரமா நிக்குதீங்க?"

அந்தப் பெண் திரும்பவில்லை. "வெயில் தாழட்டும்னு நிக்குதோம்."

செல்வமாரி வெளியே பார்த்தாள். வேப்பமரத்தின் நிழல் அடிமரத்தைச் சுற்றியே கிடந்தது. வந்தபோதும் அப்படித்தான் கிடந்தது. அதற்குள் எவ்வளவோ நேரம் ஆகியிருக்க வேண்டும். கால் கடுத்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

"வாட்டி, போயிருவோம்" என்று மகளை இழுத்துத் திரும்பினாள்.

பின்னால் ஆட்கள். கம்பிக்குக் கம்பி, தோளோடு தோள். யாரும் வந்து நின்ற சத்தமே கேட்கவில்லை. யார் முகத்திலும் வேர்வை இல்லை.

"வழி விடுங்க." யாரும் அசையவில்லை.

அப்போது காளீஸ்வரன் வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம், கையில் தண்ணீர் பாட்டில்களோடு. அவள் கையை நீட்டினாள். அவன் பார்வை அவள் முகத்தின் மேல் விழுந்து, நிற்காமல் தாண்டிப் போனது.

"என்னங்க! இங்கன நிக்குதோம்!"

அவன் செக்யூரிட்டியிடம் கேட்டான். "அண்ணாச்சி, ஒரு பொம்பளையும் சின்னப் பிள்ளையும் இங்கன வந்தாங்களா?"

"இங்கன ஒருத்தரும் வரலையே. மெஷின் கெட்டுப்போயி பூட்டியில்லா கெடக்கு."

அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். காளீஸ்வரன் பூட்டைப் பார்த்தான். காலிக் கம்பிகளைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான். பிறகு மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி குளத்துப் பக்கம் ஓடினான். குரல் தேய்ந்தது. இல்லாமல் போனது.

வரிசை நகர்ந்தது. பின்னாலிருந்து தள்ளவில்லை யாரும். ஆனாலும் கால்கள் போயின.

"தண்ணி வேணுமாடா?"

"வேண்டாம்மா." குரலில் ஈரமே இல்லை. அவள் பிடித்திருந்த சின்னக் கை கொதித்தது.

"கையை விடாத. ஏட்டி, என்னைப் பாரு."

பிள்ளை பார்க்கவில்லை.

கதவு திறந்தது.

குளிர் வரவில்லை. அனல் வந்து முகத்தில் அறைந்தது. உள்ளே சுவர் இல்லை, கூரை இல்லை. கரிசல். வெடித்துப் பிளந்த கரிசல் காடு, வானத்தைத் தொடும்வரை. ஒரு மரம் இல்லை. நடு உச்சியில் அசையாத சூரியன். அதன் கீழே வரிசை. வளைந்து வளைந்து, கண் போகும் தூரத்துக்கும் அப்பால், ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக. எவர் காலடியிலும் நிழல் இல்லை.

ப்ரியதர்ஷினி கையை உருவிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. வரிசை முழுவதும் ஒரே சமயத்தில் ஓர் அடி முன்னே நகர்ந்தது, அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு.