நகராத வெயில்

காலை ஏழு மணிக்குக் கூடத்துச் சுவரில் விழுந்த வெயில் வட்டம், சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்போதும் அதே இடத்தில் இருந்தது.

உபைதுல்லா ஜன்னலைச் சாத்தினான், திறந்தான், மறுபடி சாத்தித் திறந்தான். வெளியே நன்னிலம் சாலை வரைக்கும் குறுவை நடவுக்குப் பரம்படித்துத் தண்ணீர் கட்டிய வயல்கள் தகதகத்துக் கிடந்தன. சேற்று வாடையும் தவளைச் சத்தமும் புழுக்கமுமாக வீடு நிறைந்திருந்தது. ஏதோ ஒரு வயலிலிருந்துதான் அந்த வட்டம் வந்துகொண்டிருந்தது.

“என்னங்க, காலையிலேருந்து ஒரு இடத்துல உக்காரவே இல்ல நீங்க,” என்றாள் பர்வின்.

“வெயில் நகரல பாரு. அரபு நாட்டுல எங்க ப்ளான்ட்ல இப்படித்தான். சூரியன் போற பக்கமெல்லாம் ஆயிரக்கணக்கான கண்ணாடியும் மோட்டார்ல திரும்பும். வெளிச்சம் மட்டும் கோபுரத்து உச்சிய விட்டு அசையாது. அந்தச் சூட்டுல தண்ணி ஆவியாகி டர்பைனைச் சுத்தும், கரண்ட் வரும்.”

“நம்ம வயலுக்கு யாரு மோட்டார் மாட்டுனாங்களாம்? இருக்கிற மோட்டாருக்கே கரண்ட் இல்ல.”

அவன் சிரிக்கவில்லை. வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம் வந்து ஏறியிருந்தது.

வேலையை விட்டு வந்த காரணத்தை அவன் இவளிடம் சொன்னதில்லை. கோபுர உச்சியில் பெயின்ட் அடித்த அன்று ஆட்களுக்கு அவன்தான் பொறுப்பு. நண்பகல் லுஹர் தொழுகை வரிசையில் எல்லாரும் நிற்பதைப் பார்த்துவிட்டு, வாக்கிடாக்கியில் “எல்லாரும் இறங்கியாச்சு” என்று சொன்னான். உச்சியில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த திருக்காட்டுப்பள்ளி சாரங்கபாணி தொழ வருகிற ஆள் இல்லை என்பது, கண்ணாடிகள் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

மூன்றாவது வட்டம். நான்காவது. சுவர் பெயின்ட் கொப்பளித்தது. கருகல் வாடை.

சட்டென்று சுவர் வெறுமையானது.

“ஷமீரா எங்க?”

“துணி எடுக்க மொட்டமாடிக்குப் போயிருக்கா.”

வாசலுக்கு ஓடினான். மேலே, கைப்பிடிச் சுவரோரம், மகளின் தலை தெரிந்தது.

“கீழ வாம்மா.”

“வரேன் அத்தா. இங்க ஒரு மாமா நிக்கிறாங்க. எல்லாரும் எறங்கியாச்சான்னு கேக்குறாங்க.”

முதுகில் சூடு. திரும்பினான்.

ஒரு வயல் சாய்ந்தது. தண்ணீர் சிந்தவில்லை. பக்கத்து வயல். அதற்கடுத்தது. வாய்க்கால் தாண்டி, சாலை தாண்டி, ஒவ்வொன்றாக, வரப்போடு எழுந்து, மொட்டைமாடியைப் பார்த்துத் திரும்பின.