தோட்டா மற்ற விமானத்தில்

மிதவை விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது, எழும்பியது, எதிர்க்கரை ஊசியிலை மரங்களுக்கு மேலே ஓர் இலையான் ஈ அளவுக்குச் சிறுத்து மறைந்தது. பிரணவன் கரையில் நின்று கை காட்டிக்கொண்டே இருந்தான். விமானி திரும்பிப் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் சத்தம் முழுக்க அடங்கும்வரை கையை இறக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அடங்கியது. அதற்குப் பிறகு அந்த ஏரியில் ஒன்றுமே கேட்கவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம்தான். அடுத்த சுற்றில் சுஜீவன் வந்துவிடுவான். பின்னேரத்துக்குள் கூடாரம் அடித்து, தேத்தண்ணீர் வைத்து, இரண்டு பேரும் கால் நீட்டி இருக்கலாம். அப்படித்தான் திட்டம்.

அந்தத் திட்டத்துக்குத்தான் எத்தனை குளிர்காலம்! ஸ்காபரோவில் ஒரு கோப்பிக் கடையின் வாகனத் தரிப்பிடத்தில், சுஜீவனின் பழைய வான் வண்டிக்குள் இருந்துகொண்டு, கண்ணாடியில் பனி படியப் படிய இருவரும் வரைபடம் பார்த்தார்கள். வட ஒன்ராறியோவில், பாதை என்று ஒன்றே போகாத இடத்தில், அரிவாள் போல வளைந்த ஓர் ஏரி. பெயர் இல்லை. ‘அரிவாள் ஏரி’ என்று இவர்களே பெயர் வைத்தார்கள். வழிகாட்டி இல்லாமல், விடுதி இல்லாமல், தாங்களே பறந்துபோய், தாங்களே தங்கி, ஒரு மூஸ் அடித்துக்கொண்டு வருவது. மூஸ் என்றால் மான் இனம்தான், ஆனால் குதிரையைவிட உயரம். கொம்பு ஒவ்வொன்றும் ஒரு சுளகு அகலம்.

ஆண் மூஸ் ஒன்றை அடிக்க அனுமதி வேண்டும். அதைக் குலுக்கலில்தான் தருவார்கள். வருடா வருடம் விண்ணப்பித்தார்கள், வருடா வருடம் இல்லை என்று வந்தது. இந்த வருடம் கிடைத்தது. கிடைத்த அதே மாதம்தான் சுஜீவனுக்கு மெல்பேர்னில் பெண் சரிவந்தது. கார்த்திகையில் கலியாணம், பிறகு அங்கேயே குடித்தனம்.

பிரணவனுக்குப் பண்டகசாலையில் இரவு வேலை, பகலில் நிலக்கீழ் அறையில் தூக்கம். அவனுக்குத் தொலைபேசி எடுக்கிற ஒரே ஆள் சுஜீவன். இத்தனை வருடத்தில் இருவரும் சேர்ந்து தொடங்கிய எதையும் முடித்ததில்லை. சுஜீவன் போகுமுன் இந்த ஒன்றையாவது முடிக்க வேண்டும். அவன் மனதுக்குள் வைத்திருந்தது அவ்வளவுதான்.

காலையில் படகுத்துறையில் விமானி ரே எல்லாவற்றையும் தராசில் ஏற்றிப் பார்த்தார். சின்ன விமானம், ஒரே தடவையில் கொண்டுபோக முடியாது, இரண்டு சுற்று வேண்டும் என்றார். அங்கேதான் சுஜீவன் சாமான் பிரிக்கத் தொடங்கினான். சமையல் சாமான், அரிசி, கோடரி, தறப்பாள், துப்பாக்கி ஆகியவை பிரணவனோடு முதல் சுற்றில். கூடாரம், காற்றடிக்கிற படகு, காட்டுக்குள்ளும் வேலை செய்கிற செய்மதித் தொலைபேசி, தோட்டாப் பெட்டி ஆகியவை தன்னோடு.

தோட்டாவைத் தனிப் பெட்டியில் பூட்டி வைத்தால் போதும், ஒரே விமானத்தில் போகலாம் என்று ரே சொல்லித்தான் பார்த்தார். சுஜீவன் தலையாட்டிச் சிரித்தான். பிறகு தமிழில் பிரணவனிடம் சொன்னான்.

“துவக்கு ஒரு பிளேனில, தோட்டா மற்றப் பிளேனில. இடையில ஆர் மறிச்சாலும் ஒரு கேள்வி கேக்கேலாது.”

“ஆகாயத்தில ஆரடா மறிக்கப்போறான்?”

“நீ இஞ்ச பிறந்தனி. உனக்கு விளங்காது.”

விளங்காதுதான். போர்க்கால வன்னியில் சின்ன வயதில், இராணுவச் சோதனைச் சாவடி ஒன்றில், தாயின் பையில் இரண்டு டோர்ச் பட்டரி இருந்ததற்காக நாள் முழுக்க வெயிலில் நிறுத்தி வைக்கப்பட்டவன் சுஜீவன். பட்டரிக்கே அப்படியென்றால் துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே பையில் இருப்பதை அவனால் நினைத்துப் பார்க்கவும் முடியாது. பிரணவன் துப்பாக்கியைத் தன் சாமானோடு எடுத்து வைத்தான்.

விமானம் போன கொஞ்ச நேரத்தில் மேற்கிலிருந்து முகில் இறங்கியது. முதலில் மலை விளிம்பு காணாமல் போனது, பிறகு எதிர்க்கரை, பிறகு ஏரியே. வெள்ளைத் துணி ஒன்றை முகத்துக்கு நேரே பிடித்ததுபோல இருந்தது. விமானம் வரவில்லை.

பிரணவன் பயந்துகொண்டு இருக்கவில்லை, வேலை செய்தான்! காய்ந்த கம்புகளை வெட்டிச் சாய்வாகக் கட்டி, மேலே தறப்பாளை இழுத்தான். கீழே ஊசியிலைக் கொப்புகளை அடுக்கினான். கரடி மணந்து வராமல் அரிசியையும் பருப்பையும் தூரத்து மரமொன்றில் உயரத் தூக்கிக் கட்டினான். நெருப்பு மூட்டிச் சோறு வைத்தான். இறக்கிய பிறகுதான் பார்த்தான், இரண்டு பேருக்கு வைத்திருந்தான்.

மறுநாளும் முகில். அதற்கு அடுத்த நாளும். மழை தூறிக்கொண்டே இருந்தது. ஒருமுறை முகிலுக்கு மேலே விமானச் சத்தம் கேட்டது. அவன் பாய்ந்து போய் ஈரக் கொப்புகளை நெருப்பில் போட்டுப் புகை கிளப்பினான், தொண்டை கிழியக் கத்தினான். சத்தம் ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம். பிறகு தெற்கே திரும்பிப் போய்விட்டது. வந்து பார்த்தார்கள், இறங்க முடியவில்லை. அது அவனுக்கு விளங்கியது. ஆனால் அந்தச் சத்தம் வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அவன் கதைக்கிற ஆள். வேலையிலும் பெட்டி தூக்கியபடியே காதுக் கருவியில் சுஜீவனோடு கதைத்துக்கொண்டிருப்பான். இங்கே கேட்பதற்கு ஒருவரும் இல்லை. முதலில் நெருப்போடு கதைத்தான், பிறகு கோடரியோடு. பிறகு கதைப்பது நின்றுவிட்டது. மெல்பேர்னுக்குச் சுஜீவன் போன பிறகும் இப்படித்தான் இருக்கப்போகிறது என்ற நினைப்பு வந்தது. அதை விரட்ட எழும்பிப் போய்ப் பானை கழுவினான்.

கரையில் ஒரு கல்லில் நின்று, பானையில் தண்ணீர் அள்ளி, உயரத்திலிருந்து சளசளவென்று ஏரிக்குள் ஊற்றினான்.

“ஊக்.”

கை அப்படியே நின்றது. முகிலுக்குள்ளிருந்து, வலது பக்க வளைவிலிருந்து, அடித்தொண்டைச் சத்தம். மறுபடியும் தண்ணீர் அள்ளி ஊற்றினான்.

“ஊக். ஊக்.”

பெண் மூஸ் தண்ணீருக்குள் நிற்கிற சத்தம் என்று ஆண் மூஸ் ஒன்று நினைத்துவிட்டது! அந்த வான் வண்டிக்குள் இருந்து எத்தனையோ தடவை பழகிய வித்தை ஒன்று இருந்தது. பேர்ச் மரத்தின் பட்டையைச் சுருட்டிக் குழல் செய்து, மூக்கால் நீட்டி அழுவதுபோல ஊதினால் அது பெண் மூஸின் குரல். பிரணவன் ஓடிப்போய்ப் பட்டை உரித்தான். சுருட்டினான். ஊதினான்.

கொப்பு முறிகிற சத்தம். கொம்பால் புதர்ப் பற்றையைப் போட்டு உரசுகிற சத்தம். பிறகு முகில் கொஞ்சம் விலகியது.

அது நின்றது. முழங்கால் அளவு தண்ணீரில், கறுப்பாக, வீடு ஒன்று எழும்பி நடந்து வந்ததுபோல. கொம்பிலிருந்து பாசி தொங்கியது. மூக்கிலிருந்து ஆவி பறந்தது. பிரணவன் துப்பாக்கியை எடுத்து, குறிபார்க்கும் கண்ணாடிக்குள் பார்த்தான். நெஞ்சு கண்ணாடியை நிறைத்தது. விசையில் விரல் வைத்தால் முடிந்தது.

துப்பாக்கி வெறுமை. தோட்டா எங்கோ தெற்கே, ஒரு படகுத்துறையில், பத்திரமாகப் பூட்டிக்கிடந்தது.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. மூஸ் அவனைப் பார்த்துக் காதை அசைத்தது, திரும்பியது, அவசரப்படாமல் நடந்து மறைந்தது.

அதன் பிறகு அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. சுட முடியாதவன் பார்க்கலாம்! கன தரம் ஊதினால் அதற்குச் சந்தேகம் வந்துவிடும் என்று காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை மட்டும் ஊதினான். அது ஒவ்வொரு முறையும் பதில் தந்தது. எந்தப் பற்றைக்குள்ளால் வருகிறது, எந்த இடத்தில் நின்று மணம் பிடிக்கிறது, எந்தக் காற்றில் வராது என்று பார்த்துப் பார்த்து வைத்தான். மூஸ் அடிக்கவென்று வானுக்குள் இருவரும் தெரிவு செய்து வைத்த இடம் ஏரியின் மறுமுனையில், சதுப்புக்கு அப்பால் இருந்தது. நடந்துபோய்ப் பார்த்தபோது இடுப்பளவு சேறு. அங்கே அடித்திருந்தால் இறைச்சியில் ஒரு காலைக்கூடக் கரைக்குக் கொண்டுவந்திருக்க முடியாது. வலது வளைவில் ஒரு சரளைத் திட்டு இருந்தது. மூஸ் தண்ணீரிலிருந்து ஏறி, அந்தத் திட்டைக் கடந்துதான் காட்டுக்குள் போகும். விமானமும் அங்கே ஒதுங்கலாம்.

காலையில் கண் விழித்ததும் அவன் முதலில் காது கொடுத்தது விமானத்துக்கு இல்லை. அந்த “ஊக்”குக்கு. அந்த நாட்களில் அவன் கூப்பிட்டதற்குப் பதில் சொன்ன உயிர் அது ஒன்றுதான்.

கடைசியில் காற்று வடக்குக்குத் திரும்பியது. முகில் உடைந்தது. பின்னேர வெயிலில் விமானம் வந்து இறங்கியது. கதவைத் திறந்துகொண்டு சுஜீவன் முழங்காலளவு தண்ணீருக்குள் குதித்தான். ஓடிவந்து பிரணவனின் தோள்களைப் பிடித்து மேலும் கீழும் பார்த்தான்.

“உயிரோட இருக்கிறாய்.”

“சோறு இருக்கு. சாப்பிட்டியோ?”

சுஜீவன் மற்றப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான். அனுமதிக் காலத்தில் மிச்சம் இருந்தது அடுத்த நாள் மட்டும்தான். நாளை மறுநாள் காலை வருவதாகச் சொல்லி ரே போய்விட்டார். மூஸ் வந்து எதிரே நின்ற கதையைக் கேட்டதும் சுஜீவன் தோட்டாப் பெட்டியைக் கொண்டுவந்து துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தான்.

“என்ர பிழையடா,” என்றான்.

“ஓம். உன்ர பிழைதான். இப்ப படு. விடிய நீதான் அடிக்கிறாய்.”

“நீ அடியன். நீதானே கிடந்து காய்ஞ்சனி.”

“எனக்குக் கூப்பிட வேணும். நான் கூப்பிட்டா அது வரும்.”

விடிந்தது. காற்று ஏரியிலிருந்து அவர்கள் முகத்துக்கு வீசியது. நல்ல காற்று, இவர்களுடைய மணம் மூஸுக்குப் போகாது. சரளைத் திட்டுக்கு இப்பால், விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னே இருவரும் படுத்தார்கள். பிரணவன் பானையிலிருந்து தண்ணீர் ஊற்றினான். பிறகு குழலை வாயில் வைத்து ஊதினான். 

“ஊக்.”

வந்தது. நேரே தண்ணீருக்குள் இறங்கி நின்றது. சுஜீவனின் விரல் விசைக்குப் போயிற்று.

“பொறு,” என்று பிரணவன் மூச்சுக்குள் சொன்னான். “தண்ணிக்குள்ள விழுந்தா எங்களால இழுக்கேலாது.”

“போயிடுமடா. நல்லா நிக்குது.”

“போகாது. எனக்குத் தெரியும். பொறு.”

அது தலையை உயர்த்தி மணம் பிடித்தது. ஒரு காதைத் திருப்பியது. சுஜீவனின் நெற்றியில் வேர்த்தது. இன்று இல்லையென்றால் இனி ஒருநாளும் இல்லை. ஒரு நிமிடம்தான் இருக்கும், ஒரு மழைக்காலம் போல நீண்டது. பிறகு, ஒவ்வொரு நாளும் செய்ததைப் போலவே, அது ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி. சரளையில் ஏறியது.

“இப்ப.”

ஒரே ஒரு வெடி. ஏரி முழுக்க உருண்டு திரும்பி வந்தது. மூஸ் நாலு எட்டு வைத்து, முன்னங்கால் மடிந்து, திட்டின் நடுவில் சாய்ந்தது.

சுஜீவன் துள்ளி எழும்பிக் கத்தினான். பிரணவன் எழும்பவில்லை. கொஞ்ச நேரம் குழலைக் கையில் வைத்துக்கொண்டு படுத்தே கிடந்தான். பிறகு எழும்பிப் போய், அதன் கழுத்தில் உள்ளங்கையை வைத்தான். இன்னும் சூடாக இருந்தது. தமிழிலா ஆங்கிலத்திலா என்று தெரியாமல் ஏதோ சொன்னான். சுஜீவன் கத்துவதை நிறுத்தினான்.

அதற்குப் பிறகு வேலை! தோலை உரித்து, கால் காலாகப் பிரித்து, துணிப் பைகளில் போட்டுக் காற்றோட்டமாகக் கொப்புகளில் தூக்கினார்கள். ஒரு பின்னங்காலைத் தூக்க இரண்டு பேரும் வேண்டியிருந்தது. முதுகு முறிந்தது, கை சிவந்தது, பொழுது பட்டது. ஈரலை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வாட்டிச் சாப்பிட்டார்கள். சதுப்புக்கு அப்பால் இருந்த பழைய இடத்தைப் பிரணவன் காட்டினான். சுஜீவன் அந்தச் சேற்றைப் பார்த்துவிட்டு, வானுக்குள் இருந்து எல்லாம் தெரிந்தவர்கள் போலக் கதைத்ததற்குத் தங்களுக்கே ஏச்சுப் போட்டான்.

ரே சொன்னபடி வந்தார். மறுபடியும் இரண்டு சுற்று. இந்த முறை பிரித்தது பிரணவன். இறைச்சியில் பாதி அங்கே, பாதி இங்கே. அரிசியில் பாதி, நெருப்புப் பெட்டியில் பாதி. விமானத்தில் தொடர்புக்கு வானொலி இருந்ததால் தொலைபேசி கரையில் நிற்பவனுக்கு. துப்பாக்கியும் தோட்டாவும் அவனோடேயே. சுஜீவன் அதைப் பார்த்துக்கொண்டே சாமான் பைகளைக் கட்டினான். ஆனால் பிரணவன் கரையில் நிற்கப் போனபோது கையைப் பிடித்து விமானத்துக்குள் தள்ளினான்.

“நீ முதல் போ. இந்த முறை நான் நிக்கிறன்.”

படகுத்துறையில் பிரணவன் தேத்தண்ணீரும் குடிக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். முகில் இல்லை. விமானம் நேரத்துக்குத் திரும்பி வந்தது. கொம்பு முன்னால் இறங்கியது, பின்னால் சுஜீவன். துறையில் நின்ற வேட்டைக்காரர்கள் கொம்பைச் சுற்றிக் கூடிக் கை தட்டினார்கள். சுஜீவன் அவர்களை விலத்திக்கொண்டு வந்தான்.

“இந்தக் கொஞ்ச நேரமே தாங்கேலாமக் கிடந்தது,” என்று மெதுவாகச் சொன்னான். “நீ எப்பிடியடா இருந்தனி?”

“நான் கூப்பிட்டன். அது பதில் சொல்லிச்சு.”

ஸ்காபரோவில் அந்தச் சனிக்கிழமை பெரிய கொண்டாட்டம். புறப்படுமுன் போக வேண்டாம் என்று சிரித்த உறவுக்காரர்கள் எல்லாரும் மூஸ் கறியும் புட்டும் சாப்பிட்டுக் கொம்போடு படம் எடுத்தார்கள். அடுத்த வருடம் தாங்களும் போகப்போவதாகச் சொன்னவர்களுக்குப் பிரணவன் சொன்ன புத்தி ஒன்றே ஒன்று. எந்தச் சாமானையும் முழுதாக ஒரு பக்கம் வைக்காதே, எல்லாவற்றிலும் பாதி உன்னிடம் இருக்கட்டும்.

கார்த்திகையில் சுஜீவன் மெல்பேர்னுக்குப் போனான். இறைச்சி கொண்டுபோக விடமாட்டார்கள். அவனுடைய பாதி, பிரணவனின் நிலக்கீழ் அறையில், உறைகுளிர்ப்பெட்டியின் வலது பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. இரவு வேலை முடிந்து வந்து இடது பக்கத்தில் எடுக்கும்போது பிரணவன் அதைத் தொடுவதில்லை.

விமான நிலையத்துக்குள் போகுமுன் சுஜீவன் கேட்டிருந்தான், அந்த இறைச்சி எவ்வளவு காலம் தாங்கும் என்று.

“ஒரு வருசம். அதுக்குள்ள வா.”