இரண்டாம் நம்பர் பேட்டரி

கழுத்து நரம்பு காலையிலிருந்தே இழுத்துக்கொண்டிருந்தது. தேயிலைக் கொழுந்துக் கூடைக்குள் பேட்டரியை நிமிர்த்தி வைத்து, கயிற்றை நெற்றியில் மாட்டி, நிரஞ்சலா மேட்டிலிருந்த பழைய மடுவத்திலிருந்து படகுத்துறைக்கு இறங்கினாள். இருபத்தைந்து கிலோ. கொழுந்தென்றால் முதுகோடு அமுங்கிக்கொள்ளும். இது முதுகெலும்பில் மூலையை ஊன்றியது. ஒரு காலத்தில் கொழுந்தை எடைபோட்ட அந்த மடுவத்தில்தான் கரண்ட் இருந்தது, நீர்த்தேக்கக் கரை ஹோட்டலின் சார்ஜரும் அங்கேதான்.

ஐந்தாவது நாளாக இதே பேட்டரி. ஹோட்டலின் உல்லாசப் படகில் இரண்டு பேட்டரிகள் இருந்தன. ஒன்றாம் நம்பர் எஞ்ஜினை முடுக்க. இரண்டாம் நம்பர் லைட்டுக்கும் பாட்டுக்கும், படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்புக்கும். சாயங்காலம் இரண்டும் நிறைந்திருக்க, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் லயத்து வீட்டுக்குப் போவாள். காலையில் ஒன்றாம் நம்பர் முழுசாக இருக்கும். இரண்டாம் நம்பர் செத்துக் கிடக்கும்.

பம்ப் மட்டும் எந்த சுவிட்சுக்கும் கட்டுப்படாது. தண்ணீர் ஏறினால் உள்ளே மிதவை உயரும், பம்ப் தானாக ஓடும். ஆனால் படகின் அடி காய்ந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்திருந்தாள். தூசிதான் ஒட்டியது.

துறையில் மானேஜர் இரகுநாதன் நின்றார். கையில் மாதக்கணக்காக நீட்டிவரும் அதே பைல்.

"பெற்றரி சரியோ? நாளைக்கு ஆக்கள் வருகினம்."

"நேத்தும் சரியாத்தான் இருந்துச்சுங்க. ராவுல எவன் வந்து குடிக்கிறான்னுதான் தெரியல."

"பகிடி விடாதேங்கோ. இதிலை ஒரு கையெழுத்து. உங்கட அலுவல் முடிஞ்சுது."

"என்ன எழுதியிருக்குன்னு நீங்களே சத்தமா வாசிங்க."

அவர் பைலைத் திறந்து பேனாவை நீட்டினார். படகோட்டி அழகையா குடித்துவிட்டுத் தண்ணீரில் விழுந்தார் என்று அதில் இருந்தது.

"எம் புருஷன் வெத்தலகூடப் போடமாட்டாரு. ஒடம்பக் காட்டுங்க. வாய மோந்து பாத்துட்டு அப்புறம் போடுறேன்."

பதினொரு மாதத்துக்கு முன் நடந்தது அது. எஞ்ஜின் ஓடும்போது பேட்டரியைத் தேர்ந்தெடுக்கும் குமிழ் 'இரண்டும்' என்ற குறியில் நிற்கலாம். இரண்டுக்கும் சார்ஜ் ஏறும். எஞ்ஜினை நிறுத்தியதும் குமிழை 'இரண்டு'க்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் லைட் இரண்டையும் உறிஞ்சிவிடும். அன்று விருந்தாளிகளுக்கு வெளிச்சம் குறையக் கூடாதென்று குமிழை மாற்றவிடாமல் தடுத்தவர் இரகுநாதன். பாட்டு மூன்று மணி நேரம் ஓடியது. பிறகு மழை. எஞ்ஜின் கிளம்பவில்லை, பம்ப் நின்றது. விருந்தாளிகளையும் அவரையும் வேறு படகு ஏற்றிக்கொண்டது. அழகையா வாளியோடு நின்று இறைத்தான். மறுநாள் படகைக் கரைக்கு இழுத்தார்கள். அவன் அதில் இல்லை. உடம்பு இன்னும் கிடைக்கவில்லை.

அவன் வேலையைத்தான் அவள் கேட்டு வாங்கினாள். தண்ணீரை விட்டு நகரமாட்டேன் என்பதற்காக.

"ஏறுங்க சார். ஒரு சுத்து ஓட்டுனாத்தான் ரெண்டும் கரையிலேயே சாகாம இருக்கும். போய்க்கிட்டே கையெழுத்தப் பத்திப் பேசுவோம்."

அவர் பைலோடு ஏறினார்; அவள் பேட்டரியைத் தட்டில் பொருத்தி எஞ்ஜினை முடுக்கினாள்.

நாலு மணிக்கே மடுல்சீமை மலையிலிருந்து பனிமூட்டம் சரிந்து, தேயிலைச் சரிவை விழுங்கி, நீர்த்தேக்கத்தின் மேல் ஈரப் படங்குத் துணிபோல் விரிந்து கிடந்தது; கரையில் குரைத்த நாயின் சத்தம் முதலில் தூரமாகி, பிறகு எந்தத் திசையென்று தெரியாமலாகி, கடைசியில் எஞ்ஜின் சத்தத்துக்குள் அமுங்கிப்போனது. அதிகம் சார்ஜ் ஏறினால் பேட்டரி அழுகிய முட்டைபோல் நாறும், அது அவளுக்குத் தெரியும். அடிப்பலகையிலிருந்து வந்தது அந்த நாற்றமில்லை. சேறு. ஊறிய துணி. அதற்கு அடியில், லேசாக, அழகையா தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய்.

மீட்டரைப் பார்த்தாள். ஒன்று ஏறியது. எஞ்ஜின் ஊட்ட ஊட்ட, இரண்டு இறங்கியது.

நடுவில் எஞ்ஜினை நிறுத்தினாள். குமிழைப் பழக்கத்தில் 'இரண்டு'க்குத் திருப்பினாள். மீட்டரில் இரண்டின் முள் அடியை நெருங்கியிருந்தது.

அமைதி.

பிறகு, காலுக்குக் கீழே, உர்ர்ர்.

பம்ப்.

படகின் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து தண்ணீர் சீறி விழுந்தது. கறுப்புத் தண்ணீர். காய்ந்த படகிலிருந்து.

குனிந்து அடிப்பலகையின் மூடியில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது.

"அதைத் திறக்காதேங்கோ," என்றார் இரகுநாதன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் வியப்பில்லை. பயம் மட்டும்.

"இந்தச் சத்தத்த முந்தியே கேட்டிருக்கீங்க."

அவர் பைலை மார்போடு அணைத்துக்கொண்டார்.

திறந்தாள்.

உள்ளே தண்ணீர் இல்லை. மிதவை உயர்ந்து நின்றது. அதைக் கீழிருந்து தாங்கியபடி நான்கு விரல்கள். ஊறி வெளுத்தவை. ஈரம் சொட்டியது. கட்டைவிரலில் அவள் அறிந்த, அமிலம் தின்ற தழும்பு. மணிக்கட்டு பேட்டரித் தட்டுக்கு அடியில் போனது. அங்கே ஒரு சாண் ஆழம்கூடக் கிடையாது.

மூடியைக் கீழே போடவில்லை.

"ஏங்க," என்றாள். "இன்னுமா எறைக்கிறீங்க?"

பம்பின் சத்தம் தளர்ந்தது. இரண்டாம் நம்பர் தீர்ந்துகொண்டிருந்தது. விரல்கள் மிதவையை இன்னும் மேலே தள்ளின. அவசரமாக. சத்தம் மேலும் தளர்ந்தது. விரல்கள் நடுங்கின.

நிரஞ்சலா எழுந்து குமிழைப் பிடித்தாள். 'இரண்டும்' என்ற குறிக்குத் திருப்பினாள்.

பம்ப் உறுமி எழுந்தது.

"விசரே உமக்கு? ஒண்டாம் நம்பரும் தீர்ந்தால் எஞ்ஜின் கிளம்பாது! கரைக்கு எப்பிடிப் போறது?"

"போக மாட்டோம்."

"கையெழுத்து வேண்டாம். கிழிச்செறியிறன். திருப்பும்!"

"கிழிக்காதீங்க. அவரு வாசிக்கட்டும்."

பனி படகின் விளிம்புவரை வந்துவிட்டது. ஒன்றாம் நம்பர் முள் இறங்கத் தொடங்கியது. பன்னிரண்டு. பதினொன்று. அவள் பலகையில் உட்கார்ந்து, வலிக்கும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டாள்.

மூடியின் ஓரத்தில் இரண்டாவது கை வந்தது. உள்ளங்கை விரிந்து, இரகுநாதனின் சப்பாத்துக்குப் பக்கத்தில் நின்றது. காத்திருந்தது.

"குடுங்க சார்," என்றாள் நிரஞ்சலா, பைலைக் காட்டி.

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஹோட்டல் அவளுக்குத் தரவேண்டியது ஓர் உடம்பு. இன்னும் தரவில்லை.