ஒரு பாட்டில் வாத்துக் கொழுப்பு

விடிந்ததும் விடியாததுமாக மாமியார் பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"நான் சின்னவ வீட்டோட போயிடறேன். அங்கதான் வாய்க்கு ருசியா உருளைக்கிழங்கு வறுவல் கிடைக்கும். இங்க இத்தனை வருஷமா எண்ணெயில குளிச்ச கட்டையைத்தான் தின்னுட்டிருக்கேன்..."

அடுப்படியில் நின்ற பெரிய மருமகளுக்குக் கண் கலங்கியது. வெங்காயத்தின் மேல் பழியைப் போடலாம் என்றால், அவள் வெங்காயமே நறுக்கவில்லை.

விஷயம் அவளுக்கும் ஓரகத்திக்கும் மட்டும்தான் தெரியும். ஒன்பது வருடங்களுக்கு முன் சின்னவள் கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு வெந்நீர் போடத்தான் தெரியும். ஹாஸ்டலிலேயே வளர்ந்தவள். மாமியாரின் நாக்கு எப்படிச் சுடும் என்று பெரியவளுக்குத் தெரியும். முதல் வருடம் முழுக்கக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள் அவள். இன்னொருத்தியும் அப்படி அழ வேண்டாம் என்று நினைத்தாள்.

கறிக்கடையில் மாதம் ஒரு தடவை வாத்துக் கொழுப்பு கிடைக்கும். அதை வாங்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு நிதானமாக உருக்கி, துணியில் வடிகட்டி, பாட்டிலில் ஊற்றிச் சின்னவளுக்கு ரகசியமாகக் கொடுத்தனுப்புவாள். கிழங்கைப் பாதி வேகவைத்து அதில் முறுகவிட்டால், மாமியார் அங்கே விருந்துக்குப் போகும்போது சமைக்கத் தெரியாத கையும் பேர் வாங்கிவிடும். தேறுவது ஒரே பாட்டில். அதனால் தன் வீட்டில் எண்ணெயில் வறுத்து, திட்டையும் அவளே வாங்கிக்கொண்டாள்.

பத்து மணிக்கு மாமியாரை அழைத்துப்போகச் சின்னவள் வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, அத்தை நிரந்தரமா வந்துட்டா நான் தொலைஞ்சேன். பாட்டில் போன வாரமே காலி."

"இந்த மாசம் வாத்தே வரலையாம்டி."

அதற்குள் மாமியார் அடுப்படியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "சின்னவளே, கிளம்பறதுக்கு முன்னாடி இங்கயே ஒருதடவை வறுத்துக் காட்டு. இவ பார்த்தாவது கத்துக்கட்டும்."

சின்னவள் கைக்குக் கிடைத்த வெண்ணெயைப் போட்டுத் தீயைக் கூட்டினாள். வெண்ணெய் கருகிப் புகை மண்டியது. முன்னறையில் தைத்துக்கொண்டிருந்த பெரிய மகன் தீப்பிடித்ததென்று வாளித் தண்ணீரோடு ஓடிவந்தான்.

அடுத்து, ஃப்ரிட்ஜில் இருந்த ஆட்டுக் கொழுப்பைப் போட்டு வறுத்தாள். நிறம் பொன்னாக வந்தது. ஆனால் மாமியார் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் போனில் சின்னவளின் கைப்பக்குவத்தைக் கால்மணி நேரம் புகழ்ந்தார். அதற்குள் வறுவல் ஆறிவிட்டது. வாயில் போட்டதுதான் தாமதம், கொழுப்பு மெழுகாக உறைந்து பல்செட்டோடு ஒட்டிக்கொண்டது. இந்த வீட்டில் முதல் முறையாக மாமியாருக்குப் பேச்சு வரவில்லை.

அந்த அமைதியில் சின்னவளுக்குத் தைரியம் வந்தது. "அத்தை, என் கைப்பக்குவம்னு ஒண்ணும் இல்ல. எல்லாம் அக்கா உருக்கிக் கொடுத்த வாத்துக் கொழுப்பு..." என்று தொடங்கி, ஒன்பது வருடக் கதையையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டாள்.

மாமியார் எழுந்துபோய் வெந்நீரில் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். பெரியவளையே பார்த்தார்.

"ஏம்மா ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா அவளைத் திட்டுவீங்க. எனக்குப் பழகிப்போச்சு, அத்தை."

"நான் அவ்வளவு மோசமானவளா?"

பெரிய மகன் வாளிக்குள் பார்த்தான்.

பெரியவள் நேற்றைய சூப்பின் மேல் உறைந்திருந்த கோழிக் கொழுப்பை வழித்து வாணலியில் போட்டாள். கிழங்கு மொறுமொறுவென்று வந்ததும் சுடச்சுட மாமியார் முன் வைத்தாள். நாலு துண்டு உள்ளே போனதும் மாமியாரின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. எண்ணெய்க் கையோடு மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"உன்னை ரொம்பப் படுத்திட்டேன்மா... நான் எங்கயும் போகலை."

சின்னவள் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதாள். அது நிம்மதி.

அடுத்த மாதம் வாத்து வந்த அன்று, பெரியவள் பையோடு போவதற்குள் கறிக்கடையில் மாமியார் முதல் ஆளாக நின்றிருந்தார்.

"ரெண்டு பாட்டிலுக்குத் தேறணும்" என்று கடைக்காரரிடம் கறாராகப் பேசிக்கொண்டிருந்தார். "என் பெரிய மருமக உருக்குவா. சின்னவளுக்கு ஒண்ணு. இவளுக்கு ஒண்ணு."