ஒட்டுப்போட்ட டூபா

மூடிக்கிடந்த நாடக அரங்கின் பின்வாசலுக்கு அண்ணனும் தங்கையும் வந்து சேர்ந்தபோது மணி பத்துகூட ஆகவில்லை. வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. காவலாளி கதவைத் திறந்துவிட்டு, "வேணுங்கிறதை அள்ளிக்கிட்டுப் போங்க, இடம் காலியானா சரி" என்றார். ஆனால் வாசலைத் தாண்டி அவர் உள்ளே வரவில்லை.

அண்ணன் தீயணைப்புப் படையின் பேண்டில் இருபது வருடமாக டூபா வாசிப்பவன். மடியில் வைத்துக் கட்டிப்பிடித்து ஊதவேண்டிய பெரிய பித்தளை வாத்தியம் அது. போன மாதம் பின்னோக்கி வந்த லாரி ஒன்று அதைத் தகடாக நசுக்கிவிட்டது. திங்கட்கிழமை வாத்தியத்தோடு வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மேலிடம் சொல்லிவிட்டது. தங்கை ஊதுவாத்தியங்களுக்குப் பழுது பார்ப்பவள். "நீ ஏன்ணா இடிஞ்சுபோய் உக்காந்திருக்கே? உடைஞ்சதிலேருந்து ஒண்ணு தேத்தித் தர்றேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

தூசிக்குள் துழாவியதில் ஒரு டூபாவின் அகன்ற வாய் கிடைத்தது. இன்னொன்றின் வளைகுழாய்கள் கிடைத்தன. விரலால் அழுத்திச் சுரம் மாற்றும் வால்வுகள்தான் அகப்படவில்லை. கடைசி அலமாரியின் அடித்தட்டில், போர்வையில் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு மூட்டை இருந்தது. அவிழ்த்தாள். நான்கு வால்வுகளும் ஊதுகுழாயும் ஒன்றாக, நேற்றுத்தான் துடைத்து வைத்ததுபோல் பளபளத்தன.

கையில் எடுத்தவள் திடுக்கிட்டாள்.

சுட்டது. காய்ச்சல்காரனின் கழுத்தைத் தொட்டாற்போல.

'வெயில் பட்டிருக்கும்' என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்த அறையில் ஜன்னலே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் ஒடுக்குகளைத் தட்டி எடுத்து, அளவு பொருந்தாத குழாய்களை அறுத்துச் சேர்த்து, ஈயம் உருக்கிப் பற்றவைத்துவிட்டாள்.

"மாமியார் வீட்டு மனுஷங்க மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம நிக்குதே" என்று அண்ணன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. குழாயின் அடியில் எச்சில் நீர் வடிவதற்கென்று ஒரு சின்ன மூடி உண்டு. ஊதி முடித்தபின் திறந்துவிடுவார்கள். சரிபார்க்க அதை விரலால் அழுத்தினாள்.

சொட்டியது.

இன்னும் யாரும் அதை ஊதவே இல்லை.

விரலில் பட்ட ஈரம் வெதுவெதுப்பாக இருந்தது. நாள்பட்ட நோயாளியின் வாய்நாற்றம் பட்டறை முழுவதும் பரவியது.

"அண்ணா, இன்னிக்கு வேண்டாம். நான் கழுவிட்டுத் தர்றேன்."

"நாளைக்கு விடிஞ்சா வாசிக்கணும்மா" என்று சொல்லி அவன் வாத்தியத்தை மடியில் தூக்கி வைத்து, ஊதுவாயில் உதட்டைப் பதித்தான்.

முதல் ஒலி தரையை அதிரச் செய்தது. அண்ணனின் முகம் மலர்ந்தது. அவளுக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

ஒலி நிற்கவில்லை.

பத்து எண்ணும் நேரம். இருபது. முப்பது. எந்த மனிதனாலும் அவ்வளவு நேரம் ஊத முடியாது. அண்ணனின் கன்னங்கள் உப்பவில்லை. ஒட்டி உள்ளே போயின. கண்கள் பிதுங்கின. இரு கைகளாலும் வாத்தியத்தைத் தள்ளினான். உதடு பிரியவில்லை.

அவன் ஊதவில்லை.

அது உறிஞ்சிக்கொண்டிருந்தது.

வால்வுகள் யாரும் தொடாமலே ஒவ்வொன்றாக இறங்கி ஏறின.

அவள் தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. சுத்தியல் கையில் அகப்பட்டது. வால்வையும் வளைகுழாயையும் சேர்த்திருந்த, காலையில் தன் கையாலேயே பற்றவைத்த அந்த ஒட்டின்மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். மூன்றாவது அடியில் ஒட்டு விட்டது. ஒலி அறுந்தது. அண்ணன் நாற்காலியோடு சரிந்து, நீலம் பாரித்த உதடுகளால் காற்றை வாரி வாரி இழுத்தான்.

காவலாளிக்குப் போன் செய்தாள்.

"அந்தப் போர்வை மூட்டையைப் பிரிச்சுட்டீங்களா?" அவர் குரல் தாழ்ந்தது. "அதை வாசிச்சவர் மேடையில, நடு வாசிப்புல, மூச்சு இழுக்கத் தலையைத் தூக்கினார்மா. இழுக்கவே இல்லை. அப்படியே சாய்ஞ்சுட்டார்."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கக்கூடாதா?"

"அவர் இன்னும் அதுக்குள்ளதான் இருக்கார்னு நான் கண்டேனா?"

வால்வுகளைத் துண்டு துண்டாக அறுத்து உலையில் போட்டு உருக்கினாள். கட்டியாக உறைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் அவன் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். "இழுங்க. விடுங்க. நல்லாத்தானே இருக்கு? கடைசியா ஒரு தடவை இழுத்து, அப்படியே அடக்குங்க."

அண்ணன் அடக்கினான்.

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். கருவியைக் கழற்றி, உள்ளங்கையில் தட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மூச்சு விடாதீங்கன்னு சொன்னேனே" என்றார்.

எதிரே நின்ற தங்கைக்கு அண்ணனின் முகம் தெரிந்தது. உதடுகள் இறுக மூடியிருந்தன. மூக்கை அவன் தன் விரல்களாலேயே அழுத்திப் பிடித்திருந்தான்.